பயிர் காட்டிய பழைய வரப்பு

 

பரிசளிப்பு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். சரித்திரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் யார்? அரசர்கள், தளபதிகள், கோட்டை கட்டியவர்கள். ஆனால் நான் இங்கே சொல்லப் போவது ஒரு வாய்க்காலின் சரித்திரம். பட்டம் பதவி எதுவும் இல்லாமல், வெயிலிலும் மழையிலும் மண்ணை வெட்டியவர்களின் சரித்திரம். அது நடந்த இடம் இங்கிலாந்து. ஆனால் அதைப் புரிந்துகொள்ள நம் பள்ளித் திடலே போதும்.

சில வருடங்களுக்கு முன்பு நல்ல வெயில் காலம். மூன்று நான்கு வாரமாக மழையே இல்லை. திடலில் இருந்த புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிக் கிடந்தது. ஆனால் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து சிற்றுண்டிச்சாலை வரைக்கும், கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி, பச்சைப் புல் ஒரே நேராக ஓடியது. ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், அங்க மட்டும் யாரு தண்ணி ஊத்துறாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பேரப்பிள்ளையை அழைத்துப் போக வந்திருந்த பெரியவர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "யாரும் ஊத்தல சார். முன்னாடி அங்க கான் ஓடுச்சு. திடல் போடுறப்ப மண்ணக் கொட்டி மூடிட்டாங்க. அதான்."

அந்தப் பெரியவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில், புதைபொருள் ஆராய்ச்சியின் ஒரு பெரிய கிளையே அடங்கியிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம், வாருங்கள்.

பயிர் ஏன் நிறம் மாறுகிறது?

லயத்துக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட்டவர்களுக்கு இது தெரியும். ஒரு காலத்தில் குப்பைக் குழி இருந்த இடத்தில் மிளகாய்ச் செடி வைத்தால் தளதளவென்று வளரும். அதே செடியைப் பழைய சிமெண்டுத் தரைக்கு மேலே நாலு விரல் மண் போட்டு நட்டுப் பாருங்கள். இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், தலை தொங்கிவிடும். விதை ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். கீழே இருப்பதுதான் வேறு.

இங்கிலாந்தில் பல இடங்களில் மேல்மண் ஒரு முழம்கூட இருக்காது. அதன் கீழே சரளைக் கல்லோ வெள்ளைச் சுண்ணப் பாறையோதான். அப்படிப்பட்ட நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் வாய்க்கால் வெட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலப்போக்கில் அந்த வாய்க்கால் தூர்ந்து போகிறது. மழைநீர் அடித்து வந்த நல்ல மண்ணும், மக்கிய இலைதழையும் சேர்ந்து அதை நிரப்பி விடுகின்றன. மேலே ஏர் ஓட்டி ஓட்டி நிலம் சமமாகி விடுகிறது. கண்ணால் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை.

ஆனால் கீழே அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது. அதில் உள்ள மண் ஆழமானது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது. அதன் மேல் விதைத்த வாற்கோதுமையின் வேர் ஆழமாக இறங்கி அந்த ஈரத்தைக் குடிக்கிறது. சுற்றியுள்ள பயிர் வெயிலில் பழுத்து மஞ்சளாகும்போது, வாய்க்காலுக்கு மேலே உள்ள பயிர் மட்டும் உயரமாகவும் பச்சையாகவும் நிற்கும். புதைந்து கிடப்பது வாய்க்காலாக இல்லாமல் கல் சுவராக இருந்தால் நேர்மாறாக நடக்கும். வேருக்கு இடமில்லாமல் பயிர் குட்டையாகி, மற்றதைவிட முந்திக் காய்ந்து விடும். இப்படிப் பயிரிலே தெரியும் அடையாளங்களைப் பயிர்க்குறிகள் என்று அழைக்கிறார்கள்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள் நம் முன்னோர். இங்கே விளைந்த பயிரில் புதைந்த வாய்க்கால் தெரிகிறது!

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. நல்ல மழை பெய்யும் வருடத்தில் எல்லாப் பயிருக்கும் தண்ணீர் கிடைத்து விடும். அப்போது வேறுபாடே தெரியாது. வறட்சி வரும்போதுதான் மண் வாயைத் திறக்கும். பிரிட்டனில் 1976ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் கோடைக் காலம் கடுமையாக இருந்தது. விவசாயிக்கு அவை கஷ்டமான வருடங்கள். ஆனால் அதுவரை யாருமே அறியாத பழைய குடியிருப்புகளும் வயல் எல்லைகளும் அந்த வருடங்களில்தான் ஏராளமாகக் கண்ணில் பட்டன.

கோலமும் எறும்பும்

பயிரின் நிறம் மாறுவதைத் தரையில் நின்றே பார்த்தவர்கள் உண்டு. ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த வில்லியம் கேம்டன் என்ற ஆங்கிலேயச் சரித்திர ஆசிரியர், கென்ட் மாவட்டத்தில் ரிச்பரோ என்னும் பழைய ரோமானியர் கோட்டைப் பகுதியைப் பற்றி எழுதும்போது, அங்கே தானியம் முளைத்து வரும் காலத்தில் பழைய தெருக்கள் இருந்த இடங்களில் பயிர் மெலிந்து, தெருக்களின் கோடு தெரிகிறது என்று குறித்து வைத்தார்.

ஆனாலும் தரையில் நிற்பவருக்கு எவ்வளவு தெரிந்துவிடும்? வாசலில் போட்ட பெரிய கோலத்தின் மேல் ஓர் எறும்பு ஊர்ந்து போகிறது. அதற்குத் தெரிவது என்ன? இங்கே கொஞ்சம் மாவு, அங்கே கொஞ்சம் மாவு, அவ்வளவுதான். நின்று கொண்டு பார்க்கிற நமக்கல்லவா அது தாமரை என்று தெரிகிறது! புதைந்த வயல்களும் அப்படித்தான். மேலே போனால்தான் முழுக் கோலமும் தெரியும்.

மேலே போகும் வழி மனிதனுக்குக் கிடைத்தது. 1906ஆம் ஆண்டில் ராணுவப் பலூன் ஒன்றிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் என்ற புகழ்பெற்ற கல் வட்டத்தைப் படம் பிடித்தார்கள். பிறகு 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. எதிரியின் பதுங்கு குழிகளை வேவு பார்ப்பதற்காக ஆகாய விமானத்திலிருந்து படமெடுக்கும் வேலை மிக வேகமாக வளர்ந்தது. எதிரியின் குழியைக் காட்டிக் கொடுத்த அதே கேமரா, போர் முடிந்த பிறகு முன்னோரின் குழியையும் காட்டிக் கொடுத்தது.

இந்த வேலைக்கு வழி காட்டியவர் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்ட். இவர் 1886இல் இந்தியாவின் பம்பாய் நகரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, இங்கிலாந்தில் அத்தைமாரிடம் வளர்ந்தார். போரின்போது விமானத்தில் பறந்து தரையை நோட்டமிடும் பணியில் இருந்தார். 1918இல் இவருடைய விமானம் வீழ்த்தப்பட்டு, போர்க்கைதியாகவும் இருந்து மீண்டார். 1920ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசாங்கத்தின் நிலப்பட அலுவலகத்தில் புதைபொருள் ஆராய்ச்சி அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார்.

1922இல் விமானப் படையினர் எடுத்த சில படங்கள் அவர் பார்வைக்கு வந்தன. தென் இங்கிலாந்தின் சுண்ணப் பாறைக் குன்றுகள் அவை. அந்தப் படங்களில் குன்றுச் சரிவு முழுவதும் சிறு சிறு கட்டங்கள்! கணக்கு நோட்டின் தாளைப் போல. கிராஃபோர்டுக்குப் பொறி தட்டியது. அவை பழங்கால மக்களின் வயல்கள். வருடக்கணக்கில் உழும்போது சரிவில் இறங்கிய மண் ஒவ்வொரு வயலின் அடியிலும் சேர்ந்து சேர்ந்து வரப்பாக உயர்ந்திருந்தது. கீழே நடந்து போனவர்களுக்கு அது ஏதோ மேடு பள்ளம். மேலிருந்து பார்த்தவருக்கோ ஒரு முழு விவசாயக் கிராமம்.

இந்த வயல்களுக்குக் கெல்டிக் வயல்கள் என்று பெயர் வைத்தார்கள். அவற்றில் பல, வெண்கலக் காலத்தைச் சேர்ந்தவை, அந்தப் பெயர் சொல்வதைவிடப் பழையவை என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1924இல் கிராஃபோர்ட், அலெக்சாண்டர் கீலர் என்ற செல்வந்தரோடு சேர்ந்து விமானம் அமர்த்தித் தென் இங்கிலாந்தின் மேலே பறந்து பறந்து படம் எடுத்தார். அந்தப் படங்கள் 1928இல் புத்தகமாக வந்தன. மார்மலேட் என்னும் பழப்பாகு விற்ற குடும்பத்துச் சொத்து, வானத்திலிருந்து சரித்திரம் படிக்கப் பயன்பட்டது என்றால் வேடிக்கைதானே!

படம் மட்டும் போதுமா?

மாணவமணிகளே, இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். படத்தில் ஒரு கோடு தெரிகிறது. உடனே அது 3,000 ஆண்டுப் பழைய வரப்பு என்று முடிவு கட்டி விடலாமா?

கூடாது. நேற்று எரிவாயுக் குழாய் புதைத்த பள்ளமும் பயிரில் கோடாகத்தான் தெரியும். பனிக்காலத்தில் பூமி இயற்கையாகவே வெடித்த விரிசலும் கோடுதான். கோடு இருக்கிறது என்று மட்டும்தான் படம் சொல்லும். அதை வெட்டியவர் யார், எந்தக் காலத்தில், எதற்காக என்பதைப் படம் சொல்லாது. அதற்கு மண்ணைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

கிராஃபோர்டே அதற்கு வழி காட்டினார். ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து புறப்படும் பழைய பாதை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டிய அகலமான பாதை. உழவு ஓட்டியதில் அதன் ஒரு பகுதி அழிந்து, எங்கே போனது என்றே தெரியாமல் இருந்தது. 1921இல் எடுத்த விமானப் படங்களில் இரண்டு மெல்லிய கோடுகள் தெரிவதை 1923இல் கிராஃபோர்ட் கவனித்தார். "கண்டுபிடித்து விட்டேன்" என்று அதோடு நின்றுவிடவில்லை. அதே வருடம் அந்த இடத்துக்குப் போய்க் குழி வெட்டிப் பார்த்தார். படம் காட்டிய இடத்தில் வாய்க்கால்கள் இருந்தன. பார்த்ததைச் சோதித்த பிறகே சொல்ல வேண்டும் என்பது பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் நல்ல பாடம்.

தொழிற்சாலைக்கு முந்தி வந்த மண்வெட்டி

இப்போது கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். லண்டனுக்கு வடக்கே பீட்டர்பரோ என்று ஒரு பழைய நகரம். அதன் கிழக்கு ஓரத்தில் ஃபெங்கேட் என்ற இடம். அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுப்பு நிலமாக இருந்து, பிற்காலத்தில் நீரை வடித்து விளைநிலமாக்கிய பூமி.

1967இல் பீட்டர்பரோவைப் பெரிய நகரமாக விரிவுபடுத்த அரசாங்கம் முடிவு செய்தது. புதிய வீடுகள், சாலைகள், தொழிற்சாலைகள் வரப் போகின்றன. ஃபெங்கேட் வயல்களும் தொழிற்பேட்டையாகப் போகின்றன. இந்தக் கதை நமக்குப் புதியதா என்ன? நேற்று வரை பால்மரம் நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்பதைப் பார்த்தவர்கள்தானே நாம்!

ஃபெங்கேட் வயல்களில் பயிர்க்குறிகள் இருப்பது விமானப் படங்களிலிருந்து முன்பே தெரிந்திருந்தது. நேர்கோடுகள், இரட்டைக் கோடுகள், வட்டங்கள். 1969இல் அவற்றை எல்லாம் வரைபடத்தில் ஏற்றி, கட்டடம் எழும்பும் முன் இவற்றைக் கவனியுங்கள் என்ற அறிக்கை வெளிவந்தது. 1971இல் பிரான்சிஸ் பிரையர் என்ற இளைஞர் ஆட்களோடு வந்து தோண்டத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து இருபத்தாறுதான். 1978 வரை வேலை நடந்தது. கட்டடம் கட்டுவோர் வருவதற்குள் மண்ணைப் படித்து முடிக்க வேண்டிய அவசரம்.

எப்படித் தோண்டினார்கள்? முதலில் இயந்திரத்தைக் கொண்டு மேல்மண்ணை மெதுவாக வழித்தெடுத்தார்கள். கீழே வெளிர் நிறச் சரளை தெரிந்தது. அந்தச் சரளையில், தூர்ந்துபோன பழைய வாய்க்கால்கள் கறுப்புப் பட்டையாக ஓடின. பயிரில் பச்சையாகத் தெரிந்தது மண்ணில் கறுப்பாகத் தெரிந்தது. பிறகு அந்தப் பட்டையின் குறுக்கே சிறு மண்வெட்டியாலும் கரண்டியாலும் கவனமாக வெட்டினார்கள்.

கேக்கை நறுக்கினால் அடுக்குத் தெரிகிறதல்லவா? வாய்க்காலைக் குறுக்கே வெட்டினாலும் அப்படித்தான். அடியில் முதல் மழைக்குச் சரிந்த சரளை. அதன்மேல் மெல்லிய வண்டல். அதற்கும் மேலே நல்ல மண். சில இடங்களில் அந்த அடுக்குகளை அறுத்துக்கொண்டு இன்னொரு பள்ளம் தெரியும். அதாவது, வாய்க்கால் தூர்ந்து போனதும் யாரோ வந்து மறுபடியும் வெட்டியிருக்கிறார்கள். வருடா வருடம் கான் தூர் வாரியவர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. அப்பன் வெட்டியதை மகன் தூர் வாரினான். மகன் தூர் வாரியதைப் பேரன் மறுபடி வெட்டினான். எல்லாம் எஃகு மண்வெட்டி இல்லாத வெண்கலக் காலத்தில்.

ஆம், வெண்கலக் காலம். வாய்க்காலில் கிடைத்த கரி, எலும்பு, மரத்துண்டு முதலியவற்றை ரேடியோ கார்பன் முறையில் சோதித்தார்கள். உயிருள்ள எல்லாவற்றிலும் ஒரு வகைக் கார்பன் இருக்கிறது. உயிர் போன பிறகு அது சீராகக் குறைந்துகொண்டே வரும். ஏறக்குறைய 5,730 ஆண்டுகளில் பாதியாகி விடும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால் வயதைச் சொல்லி விடலாம். அமெரிக்க விஞ்ஞானி வில்லார்டு லிபி 1949இல் உலகுக்குத் தந்த முறை இது. இதற்காக அவருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சோதனைகளும், கூடவே கிடைத்த மண்பாண்டங்களும் சொன்னது என்ன? இந்த வயல் எல்லைகள் ரோமானியர் பிரிட்டனுக்கு வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முந்தியவை. ஏறக்குறைய 3,500 ஆண்டுப் பழமை!

மாடு மேய்த்தவருக்கே தெரியும்

வரைபடத்தில் இருந்த இரட்டைக் கோடுகள் என்னவென்று தெரியுமா? பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாய்க்கால், நடுவே பாதை. வெட்டிய மண்ணை ஓரத்தில் குவித்து, அதன்மேல் முள்வேலி வளர்த்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அந்தப் பாதைகள் மேட்டு நிலத்திலிருந்து சதுப்பு நிலத்தை நோக்கி நேராக இறங்கின. அவை மாடு ஆடு ஓட்டும் பாதைகள். கொங்கு நாட்டிலிருந்து வந்த நம் பெரியவர்களைக் கேளுங்கள், இருபுறமும் வேலி போட்ட இப்படிப்பட்ட பாதையை இட்டேரி என்பார்கள்.

கோடையில் சதுப்பு நிலம் காய்ந்து புல் செழிக்கும். அப்போது ஆடு மாடுகளை அங்கே ஓட்டி விடுவார்கள். குளிர்காலத்தில் வெள்ளம் ஏறும். அப்போது மேட்டு வயல்களுக்குத் திருப்பி ஓட்டி வருவார்கள். வருடம் முழுவதும் இந்தப் போக்குவரத்துத்தான்.

இதில் சுவையான செய்தி ஒன்று. பிரையர் பிற்காலத்தில் தாமே செம்மறி ஆடு வளர்க்கும் விவசாயி ஆனார். ஆடுகளோடு மல்லுக்கட்டிய பிறகுதான் தாம் தோண்டிய வயல்கள் அவருக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தன. அந்த வயல்களில் வாசல் பெரும்பாலும் மூலையில் இருந்தது. ஏன் மூலையில்? மாடு வளர்த்தவரைக் கேட்டால் உடனே சொல்லி விடுவார். மந்தையை வேலி நடுவில் உள்ள வாசலுக்கு ஓட்டிப் பாருங்கள். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் சிதறி ஓடும். மூலைக்கு ஓட்டினால் இரண்டு பக்க வேலியும் ஒடுங்கி ஒடுங்கித் தானாகவே வாசலுக்குள் தள்ளிவிடும். புத்தகத்தில் கிடைக்காத அறிவு பட்டியில் கிடைத்தது. கைத்தொழில் தெரிந்தவனின் கண்ணும் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று?

வயல்களுக்கு நடுவே வட்டமான வீடுகளின் அடையாளங்களும் கிடைத்தன. கூரையிலிருந்து சொட்டிய மழைநீரை வடிக்க வீட்டைச் சுற்றி வெட்டிய சிறு கானும், கம்பம் நட்ட குழிகளும்தான் மிச்சம். அரண்மனை கிடைக்கவில்லை. தங்கப் புதையல் கிடைக்கவில்லை. உழைத்துப் பிழைத்த குடும்பங்களின் வாசலும் வேலியும்தான் கிடைத்தன.

கோடு முடிந்த இடத்தில்

சதுப்பு ஓரத்தை நெருங்க நெருங்கப் பயிர்க்குறிகள் மங்கி மறைந்தன. பிற்காலத்து வெள்ளம் கொண்டு வந்து போட்ட களிமண் அங்கே கனமாக மூடியிருந்தது. வேர் அதற்குக் கீழே போகவில்லை. அதனால் பயிருக்கு ஒன்றும் தெரியவில்லை. பயிர்க்குறி இல்லை என்பதால் கீழே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அது 1982 நவம்பரில் நிரூபணமாயிற்று. ஃபெங்கேட்டுக்குக் கிழக்கே ஃபிளாக் ஃபென் என்ற தாழ்நிலத்தில் ஒரு பெரிய வடிகாலை இயந்திரம் கொண்டு தூர் வாரியிருந்தார்கள். அதன் கரையில் நடந்துகொண்டிருந்த பிரையரின் கால் ஒரு மரத்துண்டில் இடறியது. குனிந்து எடுத்துப் பார்த்தார். பிளந்து செதுக்கிய கருவாலி மரம். அந்தத் தாழ்நிலத்தில் அப்படிப்பட்ட மரம் வளராது. யாரோ கொண்டு வந்து போட்டதுதான். மேலே தோண்டத் தோண்ட, சதுப்பின் குறுக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஐந்து வரிசையாக மரத்தூண்கள் நட்டிருப்பது தெரிய வந்தது. மொத்தம் 60,000க்கும் மேற்பட்ட மரங்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சுமார் கி.மு. 1300 முதல் கி.மு. 900 வரை அதைக் கட்டியும் பழுது பார்த்தும் வந்திருக்கிறார்கள். ஃபெங்கேட்டில் முன்பே தோண்டிய மாட்டுப்பாதை ஒன்று, அந்தத் தூண் வரிசை கரையேறும் இடத்தை நோக்கியே ஓடியது! பயிர் காட்டிய கோட்டின் மறுமுனையை வடிகால் காட்டிக் கொடுத்தது. பின்னர் அங்கே பொதுமக்கள் பார்ப்பதற்கென்று தொல்லியல் பூங்காவும் அமைத்தார்கள்.

இன்று விமானத்துக்குப் பதிலாகச் சிறு டிரோன்கள் பறக்கின்றன. 2018 ஜூலை மாதம் அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற புராதன இடத்துக்கு அருகே, இருவர் பறக்கவிட்ட டிரோன்கள் வறண்ட வயலில் ஒரு பெரிய வட்டத்தைக் காட்டின. அதுவரை அது அங்கே இருப்பதே தெரியாது. கருவி மாறினாலும் சாட்சி அதேதான்: காய்ந்த வயலில் நிற்கும் பச்சைப் பயிர்.

மண் சொல்லாத ஒன்று

பெற்றோர்களே, பெரியோர்களே! இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்தீர்கள். இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லி விடுகிறேன்.

ஃபெங்கேட்டில் அந்த வாய்க்காலை வெட்டியவர்கள் 3,500 ஆண்டுகளுக்கு முன் மண்ணோடு மண்ணாகிப் போனார்கள். ஆனால் அவர்கள் செய்த வேலை அழியவில்லை. எத்தனை அடி ஆழம் வெட்டினார்கள், எத்தனை முறை தூர் வாரினார்கள், எந்த மூலையில் வாசல் வைத்தார்கள் என்பதெல்லாம் இன்று தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று. அவர்களில் ஒருவருடைய பெயர்கூடத் தெரியாது. என்ன மொழி பேசினார்கள், பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள், எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு வெட்டினார்கள் என்பதும் தெரியாது. அவர்களிடம் எழுத்து இல்லை. மண் வேலையைக் காப்பாற்றி வைத்தது. பெயரைக் காப்பாற்ற அதனால் முடியவில்லை.

நம்மிடம் எழுத்து இருக்கிறது. அப்படியிருந்தும் நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம்? இந்த நாட்டில் காட்டை அழித்தவர்கள், நிரை பிடித்துக் கன்று நட்டவர்கள், கான் வெட்டியவர்கள், ரோடு போட்டவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனவர்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று இல்லை. லயத்தை இடித்தாயிற்று, கோயிலை மாற்றியாயிற்று, பெயர்ப் பலகையையும் எடுத்தாயிற்று. தோட்டத்தின் பெயர்கூட ஏதாவது ஒரு சாலைக்கு மட்டும் மிஞ்சினால் உண்டு. நாளைக்கு ஓர் ஆராய்ச்சியாளர் வந்து அவர்கள் வெட்டிய கானைக் கண்டுபிடிக்கலாம். வெட்டியவர் பெயரை எங்கே போய்க் கண்டுபிடிப்பார்?

பள்ளித் திடலில் பச்சைக் கோட்டைப் பற்றிச் சொன்ன பெரியவரிடம் நான் பிறகு ஒருநாள் கேட்டேன். "அந்தக் கானு எப்ப வெட்டினது தாத்தா?" சற்று நேரம் யோசித்தார். "எங்கப்பா காலத்துல சார். அவரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து வெட்டினாங்க. நான் சோத்துத் தூக்கு கொண்டாந்து குடுப்பேன்" என்றார். அந்த ஐந்து பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நாலாவது பெயருக்கு மட்டும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கேள்வி கேட்ட அந்தப் பையன் பக்கத்திலே நின்று, தன் பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவற்றை எழுதிக்கொண்டான். இன்னும் இரண்டு வருடம் கழித்துக் கேட்டிருந்தால் எங்களுக்கு அந்தப் பெயர்கள் கிடைத்திருக்காது. பெரியவர் இன்று நம்மிடையே இல்லை.

ஆகவே மாணவமணிகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும், பரிசு கிடைக்காதவர்களும்தான், உங்கள் தாத்தா பாட்டியின் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், எத்தனையாம் நம்பர் காட்டில் வேலை செய்தார்கள், லயம் எங்கே இருந்தது, கிணறு எங்கே இருந்தது, கோயில் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, யார் யாரோடு வேலைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். ஒரு தாளில் படம் வரைந்து இடத்தைக் குறியுங்கள். பெயர்களைத் தமிழில் எழுதி வையுங்கள். தேதியும் போடுங்கள். அந்தப் பையனைப் போல நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாலும் போதும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்டால், "அதெல்லாம் பழைய கஷ்டம், இப்ப எதுக்கு?" என்று தயவுசெய்து சொல்லி விடாதீர்கள். பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்கள். செய்த வேலையையும் சொல்லுங்கள். கான் வெட்டியது குறைவான வேலை அல்ல. 3,500 ஆண்டுகள் கழித்தும் ஒரு நாட்டின் அறிஞர்கள் குனிந்து உட்கார்ந்து, கரண்டியால் மண்ணை எடுத்து எடுத்துப் படித்தது ஒரு வாய்க்காலைத்தான்.

அடுத்த வறட்சியில் நம் திடலில் அந்தப் பச்சைக் கோடு மறுபடியும் தெரியும். அப்போது அது யார் வெட்டியது என்று கேட்டால், பெயர் சொல்லப் பதில் நம் பள்ளியில் இருக்கும்.